இரண்டேகால் கிலோ கௌரவம்

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் ஒரு வீட்டு கராஜ். சுவரோடு சேர்த்து போல்ட் முடுக்கிய இரும்பு அலமாரி. உள்ளே இரண்டு துப்பாக்கிகள். ஒருவர், முதலாளியின் தாத்தா அரசாங்கச் சம்பளத்துக்கு மான் சுட்ட காலத்தில் தோளில் கிடந்த லீ-என்ஃபீல்டு. நம் ஊர்ப் போலீஸ் ஸ்டேஷன்களிலும் வெகுகாலம் குடியிருந்த அதே த்ரீ நாட் த்ரீ. மற்றவன் போன வருஷம் வந்தவன்: டைட்டானியம் உடம்பு, கார்பன் இழை சுற்றிய குழல், .300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டா. முதலாளி ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறவர். வருஷத்துக்கு ஒரு முறை தெற்கு ஆல்ப்ஸ் மலைக்கு 'டார்' வேட்டைக்குப் போவார். டார் என்றால் இமயமலை வரையாடு. நம் நீலகிரி வரையாட்டையும் அதையும் ஒரே பேரினமாக வைத்திருந்தார்கள். 2005இல் மரபணுவைப் பார்த்துப் பாகப்பிரிவினை செய்துவிட்டார்கள்.

துப்பாக்கி தமிழில் பேசுமா என்று கேட்பவர்கள், பஞ்சதந்திரத்து நரி எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தது என்பதை முதலில் விசாரித்துவிட்டு வரலாம்.

மேக்னம்: தாத்தா, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க. உங்க எண்ணெய்ப் பிசுக்கு என் மேல ஒட்டுது.

த்ரீநாட்: ஒட்டட்டும் பேராண்டி. துப்பாக்கிக்கு எண்ணெய் நல்லது.

மேக்னம்: என் உடம்புல எண்ணெய் கேக்குற இரும்பு எங்க இருக்கு? டைட்டானியம், கார்பன், கொஞ்சம் ஸ்டெயின்லெஸ். மொத்தம் இரண்டேகால் கிலோ.

த்ரீநாட்: தெரியும். வந்த நாள்லேருந்து அதைத்தான் சொல்ற. பேரு கேட்டாலும் இரண்டேகால் கிலோ, ஊரு கேட்டாலும் இரண்டேகால் கிலோ.

மேக்னம்: மலை ஏறுறவனுக்கு ஒவ்வொரு கிராமும் கணக்கு தாத்தா. காலையில ஆயிரம் மீட்டர் ஏறி, சாயங்காலம் அதே ஆயிரம் மீட்டர் இறங்கணும். நீங்க நாலு கிலோ. உங்களைச் சுமந்தே எத்தனை பேருக்கு முட்டி தேஞ்சுதோ!

த்ரீநாட்: அதுல பொய்யில்ல. முதலாளியோட தாத்தன் கடைசிக் காலத்துல மாடிப்படி ஏறவே மாட்டான். ஆனா பழி பூராவையும் என் தலையில போடாத. அவன் முதுகுல பச்சைத் தோல் மூட்டையும் இருந்துச்சு. 1930ல மானுக்கும் டாருக்கும் இருந்த பாதுகாப்பை எடுத்துட்டாங்க. அதுக்கப்புறம் உள்நாட்டு அலுவல் துறை ஆள் வெச்சுச் சுடச் சொல்லுச்சு. கொண்டுவந்து விட்டவங்களும் இவங்கதான். 1904ல இங்கிலாந்துலேருந்து பெட்ஃபோர்டு பிரபு டாரைப் பரிசா அனுப்பினார். 1907ல ஆஸ்திரியச் சக்கரவர்த்தி ஷாமுவா ஆட்டை அனுப்பினார். வௌவாலைத் தவிர நிலத்துல வேற பாலூட்டியே இல்லாத நாடு. அந்த மலைப்புல் ஆட்டுப் பல்லையே பார்த்தது இல்ல. ரெண்டும் மேஞ்சு தீர்த்துடுச்சு. மொதல்ல விருந்தாளி, அப்புறம் குற்றவாளி. சொந்த ஊரான இமயமலையில டார் அருகிவருதேன்னு அழறாங்க. இங்க பத்தாயிரத்துக்கு மேல இருக்கக் கூடாதுன்னு 1993லேயே திட்டம் போட்டு வெச்சிருக்காங்க.

மேக்னம்: சரி சரி, பேச்சை மாத்தாதீங்க. எடையைப் பத்திப் பேசினோம்.

த்ரீநாட்: பேசுவோம். என் முன்பக்கம் பாரு. என்ன தெரியுது?

மேக்னம்: மரம் பாதியிலேயே நின்னுபோச்சு. எலி கடிச்சுதா?

த்ரீநாட்: தாத்தன் ரம்பம் வெச்சு அறுத்தான். பட்டாளத்துலேருந்து வந்தப்ப குழல் நுனி வரைக்கும் மரம் இருந்துச்சு. இந்த மலையில எதுக்குடா இவ்வளவு விறகுன்னு அறுத்து அடுப்புல போட்டான். அவன் மட்டுமில்ல, அன்னிக்கு வேட்டைக்காரங்க பலரும் இதையேதான் செஞ்சாங்க. இப்ப நான் மூணரைக்குப் பக்கம்.

மேக்னம்: அடடே! அப்ப எடை குறைக்கிற பித்து என்னோட தொடங்கல. உங்க காலத்துலேயே இருந்திருக்கு!

த்ரீநாட்: இருந்துச்சு. ஆனா ரம்பம் பக்கத்து வீட்டுல ஓசி. உன்னோட ரம்பத்துக்கு முதலாளி கட்டுன தொகைல ஒரு பழைய காரே வாங்கியிருக்கலாம்.

மேக்னம்: விஞ்ஞானத்துக்கு விலை உண்டு. அதோட நான் வெறும் லேசு மட்டுமில்ல, பலசாலி. .300 வின்செஸ்டர் மேக்னம். 1963லேருந்து உலகம் பூராவும் பேர் போன தோட்டா. 200 மீட்டருக்குக் குறி வெச்சுக்கிட்டா 300 மீட்டர்ல ஒரு சாண்கூட இறங்க மாட்டேன். நீங்க?

த்ரீநாட்: ஒரு சாணுக்கு மேலேயே இறங்குவேன். அதனாலதான் தாத்தன் 300 மீட்டர்ல சுடவே மாட்டான். நெஞ்சால ஊர்ந்து 120க்குப் போவான்.

மேக்னம்: ஊர்றது பழைய காலம்.

த்ரீநாட்: ஊர்றதுக்கு டாலர் கிடையாது, அதனால கடையில யாரும் சொல்லித் தர்றதில்ல. அது கிடக்கட்டும், ஒண்ணு கேக்கறேன். டார் கிடா என்ன எடை இருக்கும்?

மேக்னம்: நல்லா வளர்ந்தது எழுபது கிலோ சொச்சம்.

த்ரீநாட்: முதலாளியைவிடக் குறைச்சல். அதுக்கு எதுக்குடா மேக்னம்? கரமோஜோ பெல்னு ஒரு வெள்ளைக்காரன். ஆப்பிரிக்காவுல ஆயிரம் யானைக்கு மேல சுட்டான். பாவம்தான், கணக்குக்காகச் சொல்றேன். அதுல பெரும்பகுதி .275 ரிக்பியால. 1892ல வந்த 7×57 மவுசர் தோட்டாவுக்கு இங்கிலாந்துக்காரன் வெச்ச பேரு அது. இன்னிக்கு மான் சுடவே சின்னதுன்னு நெனைக்கிற தோட்டா. உதைக்காது, அதனால கண்ணை மூடாம சுடலாம். சுட்டது நெனச்ச இடத்துல படும். கார்பெட் துரையைத் தெரியுமா?

மேக்னம்: குமாயூன் புலி கார்பெட்?

த்ரீநாட்: அவரேதான். 1930ல சௌகர் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டப்ப கையில இருந்ததும் .275 ரிக்பிதான். அன்னிக்கு இடது கையில ரெண்டு பக்கி முட்டை வேற வெச்சிருந்தார். பாறை மறைவுல திரும்பினா புலி பக்கத்துலேயே உக்காந்திருக்கு. முட்டையைக் கீழ போடாம, ஒத்தைக் கையாலேயே துப்பாக்கியை மெல்லத் திருப்பிச் சுட்டார். லேசான துப்பாக்கின்னா அது. ஒத்தைக் கையில திருப்பவும் வரணும், சுட்டா மணிக்கட்டு முறியவும் கூடாது. உன்னை ஒத்தைக் கையில சுட்டா புலிக்கு முன்னாடி துரை போயிருப்பார்.

மேக்னம்: என் உதையைப் பத்தி யாரோ உங்ககிட்ட தப்பாச் சொல்லியிருக்காங்க.

த்ரீநாட்: யாரும் சொல்ல வேண்டாம். முதலாளியோட வலது புருவத்துக்கு மேல பிறை மாதிரி ஒரு தழும்பு இருக்கே, பொறந்ததுலேருந்தா?

மேக்னம்: அது... முதல் நாள். ஸ்கோப்பைக் கண்ணுக்குக் கொஞ்சம் பக்கத்துல மாட்டிட்டார்.

த்ரீநாட்: நீ பின்னாடி வந்து முத்தம் குடுத்துட்ட. இதுல மாயம் ஒண்ணும் இல்ல பேராண்டி. குண்டும் புகையும் முன்னாடி போற வேகத்துக்கு ஈடா நீ பின்னாடி வந்தாகணும். தோட்டா அதேதான், துப்பாக்கி எடை பாதின்னா, உதையோட ஆற்றல் ரெண்டு மடங்கு. மருந்தையும் கூட்டி, எடையையும் குறைச்சா? மலை ஏறுறப்ப தோள்ல மிச்சம் பிடிச்சதை விசையைத் தொட்ட அந்த நொடியில வட்டியோட தோள்லேயே வாங்கிக்க வேண்டியதுதான்.

மேக்னம்: அதுக்குத்தான் சைலன்சர் போட்டாச்சே. இந்த நாட்டுல அதுக்குத் தனி அனுமதிகூட வேண்டாம். உதை குறையும், காதும் தப்பும்.

த்ரீநாட்: நல்ல பொருள்தான், நான் குறை சொல்லல. தாத்தனுக்கு அது கிடைச்சிருந்தா பாட்டி திட்டினது காதுல விழுந்திருக்கும். ஆனா சைலன்சர் மாட்டினா நீளம் கூடிடும்னு உன் குழலை என்ன பண்ணினான்?

மேக்னம்: 18 அங்குலத்துக்கு வெட்டினதாப் பார்த்து வாங்கினார்.

த்ரீநாட்: மேக்னம் தோட்டாவுல இருக்குற மருந்து எரிஞ்சு முடிக்க 24 அங்குலமாவது கேக்கும். ஆறு அங்குலம் போனா வேகம் எவ்வளவு போகும்? ஒரு அங்குலத்துக்கு வினாடிக்கு இருபத்தஞ்சு, முப்பது அடி. கூட்டிக் கழிச்சா நீ கிட்டத்தட்ட .30-06 ஆயிடுற. அது எந்த வருஷத்துத் தோட்டா?

மேக்னம்: ...1906.

த்ரீநாட்: என்னைவிட ஒரு வயசு மூப்பு. என்னோட இந்த மாடலே 1907தான். மருந்து மேக்னத்துக்கு, சத்தம் மேக்னத்துக்கு, பெட்டிக்கு நூறு டாலரைத் தொடுற விலையும் மேக்னத்துக்கு. வேகம் மட்டும் பாட்டனார் காலத்துது.

மேக்னம்: எப்படி இருந்தாலும் நான் லேசு! அதை நீங்க மறுக்க முடியாது. இரண்டேகால் கிலோ!

த்ரீநாட்: அந்த எடையில நீ ஒரு நாளாவது மலையில இருந்திருக்கியா? இப்ப உன் தலை மேல உக்காந்திருக்குறது யாரு?

மேக்னம்: ஸ்கோப். அது வேணுமில்ல.

த்ரீநாட்: எவ்வளவு?

மேக்னம்: 25 மடங்கு பெரிசாக் காட்டுறது. வளையத்தோட சேர்த்து 900 கிராம்.

த்ரீநாட்: ஆச்சு 3150. சைலன்சர்?

மேக்னம்: 350.

த்ரீநாட்: மூணரை கிலோ. நான் இப்ப இருக்குற எடைக்கு வந்துட்ட. வா, உக்காரு. முன்னாடி ரெண்டு கால் தொங்குதே?

மேக்னம்: பைபாட். லேசான துப்பாக்கி கையில நிலையா நிக்காது தாத்தா. மூச்சு வாங்குறப்ப குறி பறவை மாதிரி அலையுது. அதனால முட்டுக் கொடுக்க... 300 கிராம்.

த்ரீநாட்: எடையில்லாததால வந்த ஆட்டத்தை நிறுத்த எடை. சரி, 3800. தோட்டா நாலு?

மேக்னம்: 130. தோள்பட்டி 120.

த்ரீநாட்: நாலு கிலோ அம்பது கிராம். பட்டாளத்துலேருந்து முழு மரத்தோட வந்த நாள்லகூட நான் நாலைத் தாண்டல.

(இந்த இடத்தில் அலமாரிக்குள் சிறிது நேரம் அமைதி. முதலாளியின் பரணில், பிடி அறுத்த பல்துலக்கி ஒன்றும் பாதி நறுக்கிய வரைபடமும் கிடக்கின்றன என்பதை வாசகர்கள் தெரிந்துகொள்வது நல்லது. அவற்றைச் சமையலறைத் தராசில் வைத்து அவர் மிச்சம் பிடித்தது பதினோரு கிராம்.)

மேக்னம்: நீங்க என்ன வேணா கேலி பண்ணுங்க. போன ஜூன்ல மேற்குக் கரையில முதலாளியோட நான் பனி மலையில இருந்தேன். நீங்க இங்க கரப்பான் பூச்சியோட இருந்தீங்க.

த்ரீநாட்: எப்படிப் போனீங்க?

மேக்னம்: டார் கிடா பொட்டையைத் தேடி அலையுற காலம் இல்லையா, மே-ஜூன்ல அங்க இறங்குற இடங்களைக் குலுக்கல்ல ஒதுக்குவாங்க. முதலாளிக்கு விழுந்துச்சு.

த்ரீநாட்: இறங்குற இடமா? எதுலேருந்து?

மேக்னம்: ...ஹெலிகாப்டர்.

த்ரீநாட்: ஹெலிகாப்டர்ல போனவனுக்கா இரண்டேகால் கிலோ?

மேக்னம்: இறங்கினதுக்கு அப்புறம் நடக்கணுமே!

த்ரீநாட்: கூட என்னென்ன இறங்குச்சு?

மேக்னம்: கூடாரம், கேஸ் அடுப்பு, மடக்கு நாற்காலி, வாணலி, பன்றி இறைச்சி, ரெண்டு பெட்டி பீர்.

த்ரீநாட்: கல்யாணப் பந்தியில ஜாங்கிரியை மூணு தடவை கேட்டு வாங்கிட்டு, காப்பிக்கு மட்டும் சர்க்கரை வேண்டாம்னு சொல்ற மாமா ஞாபகம் வருது. முதலாளியோட இடுப்புல சுத்தியிருக்குறதை விட்டுட்டியே. அதுவே பன்னிரண்டு கிலோ தேறும். அதைக் குறைக்க ஒரு கடையும் போக வேண்டாம். அதுதான் அவனுக்குச் சிரமம்.

மேக்னம்: மனுஷன் உடம்பைப் பத்திப் பேசாதீங்க, நமக்கு மரியாதையில்ல.

த்ரீநாட்: சரி, அந்த ஜூன் கதையைச் சொல்லு. கிடா கிடைச்சுதா?

மேக்னம்: அருமையான கிடா. பனியில பிடரி மயிர் பொன்னாட்டம் காத்துல பறக்குது. தூரம் 380 மீட்டர்னு கருவி காட்டுச்சு. மேல் நோக்கி முப்பது பாகைச் சரிவு. அந்தச் சரிவுக்கு குண்டு 330 மீட்டருக்கு விழுற அளவுதான் விழும்னு முதலாளி சரியாவே கணக்குப் போட்டார். கணக்குதானே அவர் தொழில்.

த்ரீநாட்: காத்து?

மேக்னம்: காத்துக்குக் கருவி இல்ல. நம்ம பக்கம் புல் அசையல. பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் அடிச்சுது போல.

த்ரீநாட்: மலைக் காத்து அப்படித்தான், இங்க ஒண்ணு அங்க ஒண்ணு. அப்புறம்?

மேக்னம்: பைபாட் பாறையில வழுக்குச்சு. மூட்டையை முட்டுக் கொடுத்தார். மூச்சைப் பிடிச்சார். விசையைத் தொட்டார்...

த்ரீநாட்: தொடுறதுக்கு ஒரு கணம் முன்னாடி கண்ணை மூடினான்.

மேக்னம்: உங்களுக்கு எப்படித் தெரியும்?

த்ரீநாட்: புருவத்துல தழும்பு வாங்கினவன் வேற என்ன செய்வான்? அவன் மூளை ஸ்கோப்பைப் பார்க்கல, உதையைத்தான் எதிர்பார்த்துக்கிட்டிருந்துச்சு. வருஷத்துக்கு எத்தனை குண்டு பழகுறான்?

மேக்னம்: ஒரு பெட்டி. அதுலயும் பாதி மிச்சம் இருக்கு. விலையும் ஜாஸ்தி, தோளும் வலிக்குது.

த்ரீநாட்: கிடா?

மேக்னம்: குண்டு முதுகுக்கு மேல போயிடுச்சு. அது திரும்பிப் பார்த்துட்டு நடந்து போச்சு. ஓடக்கூட இல்ல. அதுதான் எனக்கு அவமானம்.

த்ரீநாட்: நல்லவேளை. செங்குத்துப் பாறை விளிம்புல நிக்குறப்ப பட்டிருந்தா உருண்டு அடிவாரத்துக்குப் போயிருக்கும். கொம்பு ஒரு பக்கம், கறி ஒரு பக்கம். எங்க நிக்குறப்ப சுடக் கூடாதுன்னு தெரியுறதுக்குத் தோட்டா பெரிசா இருந்து ஒண்ணும் ஆகாது. கூட வந்த சிநேகிதன் என்ன பண்ணினான்?

மேக்னம்: அவரா? அவர்கிட்ட இருந்தது சாதாரண 7எம்எம்-08. ஸ்கோப்போட மூணேகால் கிலோ இருக்கும். கட்டையில கீறல். கார்பன் ஒரு இழைகூடக் கிடையாது. என் பக்கத்துல நிக்கவே கூச்சப்பட்டுச்சு.

த்ரீநாட்: 1980ல வந்தது. கார்பெட் கையில இருந்த பழைய தோட்டாவோட வேகம்தான், குட்டை உடம்புல அடைச்சிருக்காங்க. அது என்ன பண்ணுச்சுன்னு கேட்டேன்.

மேக்னம்: அவர் ஓடை வழியா இறங்கி, ஒரு மணி நேரம் சுத்தி ஏறி, 170 மீட்டர்ல புல்திட்டு மேல கிடா படுத்திருக்குறப்ப... ஒரே குண்டு.

த்ரீநாட்: அவன் எப்படிப் பழகுறான்?

மேக்னம்: மாசம் ரெண்டு தடவை போறாராம். பெண்ணும் கூட வருமாம். பதிமூணு வயசு. அதே துப்பாக்கியால சுடுமாம். உதைக்கவே இல்லப்பான்னு சொல்லுமாம். இதெல்லாம் ஒரு பெருமையா?

த்ரீநாட்: நீ சொல்லு.

மேக்னம்: ஒண்ணு மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன் தாத்தா. அந்த மேற்குச் சரிவுல சில இடத்துல வருஷத்துக்குப் பத்து மீட்டர் மழை. மில்லிமீட்டர் இல்ல, மீட்டர். நாலு நாள் விடாம கொட்டுச்சு. என் கட்டை ஒரு இம்மிகூட அசையல. குறி வெச்ச இடத்துலேயே நின்னுது. நீங்க வந்திருந்தா?

த்ரீநாட்: மரம் ஊறி வீங்கும். குழலைத் தள்ளும். குறி எங்கயோ போகும். உண்மைதான். ஈரத்துல தாத்தன் என்னைத் திட்டின திட்டு இன்னும் காதுல இருக்கு. துரு, வீக்கம், ரெண்டுலயும் நீ ஜெயிச்ச. அந்தக் கட்டையை என் காலத்துல கொடுத்திருந்தா நான் வேண்டாம்னு சொல்லியிருக்க மாட்டேன். அந்தக் கட்டையை அந்தப் பொண்ணோட துப்பாக்கிக்கும் போடலாம், தெரியுமில்ல?

மேக்னம்: அப்ப நான் எதுக்கு?

த்ரீநாட்: கேள்வி இப்பத்தான் சரியா வருது.

(கராஜ் விளக்கு எரிகிறது. அலமாரிக் கதவு திறக்கிறது. முதலாளி மேக்னத்தை வெளியே எடுத்து, மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்துப் படுக்கவைக்கிறார். ஸ்கோப்பைக் கழற்றுகிறார். சைலன்சரைக் கழற்றுகிறார். பைபாட்டையும் கழற்றுகிறார். செல்போனில் நாலு பக்கமும் படம் எடுக்கிறார். பிறகு, வாய்க்குள் முணுமுணுத்தபடி தட்டச்சு செய்கிறார்.)

மேக்னம்: பார்த்தீங்களா தாத்தா! என்னை மட்டும் தனியாப் படம் எடுக்குறார். பெருமை!

த்ரீநாட்: என்ன எழுதுறான்னு கேளு.

மேக்னம்: "கிட்டத்தட்டப் புதிது... பத்து குண்டுகள் மட்டுமே சுடப்பட்டன... 7எம்எம் பிஆர்சி வாங்கவிருப்பதால்..." தாத்தா, 7எம்எம் பிஆர்சின்னா யாரு?

த்ரீநாட்: 2022ல பொறந்தது. உன் தம்பி. அதுவும் மேக்னம் சாதிதான், ரொம்ப லேசாக் கிடைக்குமாம்.

மேக்னம்: என்னை விக்குறாரா? நான் என்ன தப்பு பண்ணினேன்? உங்களை மட்டும் ஏன் விக்கல?

த்ரீநாட்: என்னை எவன் வாங்குவான்?

மேக்னம்: விளம்பரத்துல என் எடை என்னன்னு போட்டிருக்கார்?

த்ரீநாட்: ஸ்கோப் இல்லாமத்தான் போட்டிருக்கான்.